ரொட்டிக்காரர் பூசிய சுவர்

பூமி ஆடி நின்று, சைரனும் அடங்கிவிட்டது. கடல் பொங்காது என்று ஒலிபெருக்கியில் இரண்டு தடவை சொல்லிவிட்டார்கள். மேட்டில் ஏறி நின்ற தெரு மொத்தமும் செருப்பும் குழந்தையுமாக இறங்கி வந்தது. ரொட்டிக்காரர் தன் மனைவியையும் மாமனாரையும் எதிரே இருந்த தையல்காரர் கடை வாசலில் உட்காரவைத்தார். "நான் போய் ஒரு பார்வை பார்த்துட்டுக் கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு, தன் கடைக்குள் முதல் ஆளாக நுழைந்தார்.

கீழே கடை, மேலே வீடு. கடையில் பெரிய சேதம் ஒன்றும் இல்லை. இரண்டு கண்ணாடி ஜாடிகள் விழுந்து நொறுங்கி, பிஸ்கட் தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. அலமாரிக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிறு மற்ற சாமான்களைக் காப்பாற்றியிருந்தது. காலையில் விறகு போட்டு மூட்டிய செங்கல் அடுப்பு, ஒன்றுமே நடக்காத மாதிரி இன்னும் கதகதவென்று இருந்தது. "அப்பாடா, தப்பிச்சோம்" என்று வாய்விட்டுச் சொல்லி நிமிர்ந்தபோதுதான் அவர் அதைப் பார்த்தார்.

அடுப்பை ஒட்டிய பின்சுவரில், மூலைத் தூண் ஓரமாக, கூரையிலிருந்து அவர் தோள் உயரம் வரைக்கும் ஒரு விரிசல். விரல் நுழையாது. ஆனால் நகம் நுழைந்தது.

அந்தக் கரையில் பூமி ஆடுவது ஒன்றும் அதிசயமில்லை. கடலுக்கடியில் இரண்டு நிலத்தட்டுகள் ஓயாமல் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கின்றன என்று ரேடியோவில் சொல்வார்கள். மாமியாரும் மருமகளும் ஒரே சமையலறையில் நிற்கிற மாதிரி என்று தையல்காரர் அதற்கு விளக்கவுரை சொல்வார். சின்ன ஆட்டத்துக்கெல்லாம் யாரும் காப்பி டம்ளரைக்கூடக் கீழே வைப்பதில்லை. ரொட்டிக்காரரின் மாமனார் கப்பல் இன்ஜின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரேடியோ சொல்வதற்கு முன்னால் ஆட்டத்தின் அளவைச் சொல்லிவிட வேண்டும் அவருக்கு. சரியாக இருந்தால் அன்றைக்கு முழுக்க அவரைக் கையில் பிடிக்க முடியாது. தப்பாக இருந்தால் ரேடியோக்காரனுக்குக் கணக்குத் தெரியாது.

இந்த மாதம் மட்டும் விஷயம் வேறு மாதிரி போயிற்று. தினமும் ஆட்டம், சில நாள் இரண்டு மூன்று ஆட்டம். இன்று காலை வந்ததில் தெருவே நிலைகுலைந்துபோய்ச் சைரனும் அலறிவிட்டது. இப்படி ஒரு பெரிய ஆட்டம் வந்து போனால், நகராட்சிப் பொறியாளர்கள் வீடு வீடாக வந்து ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பச்சை என்றால் குடியிருக்கலாம். மஞ்சள் என்றால் சாமான் எடுக்க மட்டும் உள்ளே போகலாம். சிவப்பு என்றால் வாசலோடு சரி, வீட்டுக்காரனே ஆனாலும் உள்ளே காலெடுத்து வைக்கக்கூடாது.

சிவப்பு என்றால் என்ன என்று அந்தத் தெருவுக்குத் தெரியும். போன தடவை முடிவெட்டுகிறவரின் கடைக்குச் சிவப்பு ஒட்டினார்கள். மறுபடி வந்து பார்க்கிறோம் என்றார்கள், வந்தார்கள், இடித்துவிட்டுப் போனார்கள். இன்றைக்கும் அந்த மனிதர் பஸ் நிறுத்தத்தின் நிழலில் நாற்காலி போட்டு வெட்டிக்கொண்டிருக்கிறார். கத்திரிக்கோலையும் சீப்பையும் பைக்குள் போட்டுக்கொண்டு போகலாம். செங்கல் அடுப்பை எந்தப் பைக்குள் போடுவது? கடை போனால் வீடும் போகும். வீடு போனால் மூன்று பேரும் சகலை வீட்டு முன்னறையில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். சகலையோ விருந்தாளிக்குக் காலையில் காப்பி கொடுக்கும்போதே ஊருக்கு எப்போது வண்டி என்று விசாரிக்கிற ஆள்.

ரொட்டிக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பொறியாளர் தெருமுனைக்கு வந்தாயிற்று என்று வெளியே பேச்சுக் கேட்டது. ஹார்டுவேர் கடை பூட்டிக்கிடந்தது. சுவரைப் பூச ஒரு கைப்பிடி சிமெண்ட் கிடையாது. அப்போது தொட்டியில் இருந்த மாவு அவர் கண்ணில் பட்டது. விடியுமுன் பிசைந்து, சுடுவதற்குள் பூமி ஆடி, அநாதையாகக் கிடந்த மாவு.

இங்கேதான் மனிதர் புத்தியைத் தீட்டினார். ரொட்டி சுடுகிறவர்களுக்கு ஒரு அனுபவம் உண்டு. மேஜையில் ஒட்டின மாவை அன்றைக்கே வழிக்காவிட்டால், மறுநாள் அது கல்லாகிவிடும். சுரண்டினால் வராது, சுத்தியலும் உளியும் வேண்டும். அவருடைய மேஜையின் மூலையில் அப்படி ஒரு உருண்டை எத்தனையோ வருஷமாக உட்கார்ந்திருக்கிறது. இதைவிட ஒரு சிமெண்ட் உலகத்தில் உண்டா என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மாவை உருட்டி விரிசலில் திணித்து, மேலேயும் பட்டையாக அப்பினார். ஸ்கிரேப்பரால் இழைத்தார். ஜன்னலுக்கு அடித்து மிச்சமிருந்த வெள்ளை பெயிண்ட்டை மேலே பூசினார். தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். சுவர் புதுசு போல இருந்தது. தன்னைத் தானே மெச்சிக்கொண்டு, ஜாடி உடைசலைப் பெருக்கினார்.

மாவில் ஈஸ்ட் போட்டிருந்தது அவருக்கு ஞாபகம் வரவில்லை. அந்தச் சுவரை ஒட்டியே அடுப்பு கதகதவென்று இருப்பதும் உறைக்கவில்லை. தினமும் இதே இரண்டையும் வைத்துப் பிழைக்கிற மனிதர். பயம் வந்தால் தொழில்கூட மறந்துபோகிறது, என்ன செய்வது.

"வாங்க, ஒண்ணும் ஆகல" என்று மனைவியையும் மாமனாரையும் கூப்பிட்டார்.

"சுவரெல்லாம் பார்த்தீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"பார்த்தாச்சு, பார்த்தாச்சு. ஜாடிதான் ரெண்டு போச்சு."

"ஆறு புள்ளி ஒண்ணு" என்றார் மாமனார். "ரேடியோவுல அஞ்சு புள்ளி எட்டுங்கறான். அவன் எங்க உட்கார்ந்து அளந்தானோ."

அவர்கள் மாடியேறிப் போனார்கள். மேலே துடைப்பச் சத்தமும், கட்டிலை இழுக்கிற சத்தமும், அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் அதட்டுகிற சத்தமும் கேட்டன. ரொட்டிக்காரர் கடை வாசலில் நின்று பொறியாளருக்காகக் காத்திருந்தார். வந்த பொறியாளர் ஒரு பெண். அவள் ஒவ்வொரு வீட்டிலும் நின்று நிதானமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். தலையில் ஹெல்மெட், கையில் டார்ச், தோளில் ஸ்டிக்கர் சுருள்கள் கிடந்த பை. சின்ன வயசுதான். பொழுது போகப் போக அவருக்குத் தைரியம் கூடியது. தையல்காரரிடம் அரசியல்கூடப் பேசினார்.

உள்ளேயிருந்து மனைவியின் அலறல் கேட்டபோது பேச்சு பாதியில் நின்றது.

"ஐயோ, சுவர் உப்புதுங்க! வெளியில வாங்கப்பா! எல்லாரும் வெளியில வாங்க!"

அவர் உள்ளே ஓடினார். உடைந்த ஜாடிக்குப் பதில் வேறு ஜாடி எடுக்கக் கீழே இறங்கி வந்தவள், பின்சுவரைப் பார்த்தபடி வாயில் கைவைத்து நின்றிருந்தாள். விரிசல் இருந்த இடம் முழுக்க, மேலேயிருந்து கீழே வரை, கர்ப்பிணி வயிறு போலப் புடைத்திருந்தது. வெள்ளை பெயிண்ட் இழுபட்டு, அங்கங்கே கோடு கோடாக வெடித்திருந்தது. தெரியாத யார் பார்த்தாலும் சுவர் இன்னும் இரண்டு நிமிஷத்தில் மேலே சாய்ந்துவிடும் என்றுதான் சொல்வார்கள். ரொட்டிக்காரருக்குப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. வாழ்நாள் முழுக்க அந்த உப்பலைப் பார்த்துத்தானே அடுப்புக் கதவைத் திறந்திருக்கிறார். மாவு நன்றாக ஏறியிருந்தது.

"அது வந்து..." என்று ஆரம்பித்தார்.

அவள் எங்கே கேட்டாள்? அப்பாவின் கையைப் பிடித்து மாடிப்படியிலிருந்து இழுத்துக்கொண்டு, புருஷனையும் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு, தெருவுக்கு வந்துவிட்டாள். வந்த வேகத்தில் மூன்றாவது வீட்டில் நின்றிருந்த பொறியாளரிடம் ஓடினாள். "மேடம், எங்க வீட்டை முதல்ல பாருங்க மேடம். சுவர் வெளியில தள்ளிக்கிட்டு வருது. பக்கத்து வீட்டுக்காரங்களையும் வெளியில வரச் சொல்லுங்க."

பொறியாளர் வந்தாள். வாசற்படியில் நின்றே டார்ச்சை அடித்தாள். வெளிச்சம் நேராகப் போய் அந்தப் புடைப்பில் விழுந்தது. அவள் முகம் மாறியது.

"நான் உள்ள வர முடியாதுங்க" என்றாள். "விரிசல்னா கிட்டப் போய்ப் பார்ப்போம். சுவரே உப்பியிருந்தா யாரும் உள்ள போகக்கூடாது, நாங்களும்தான். மன்னிச்சுக்கங்க. சிவப்புதான் ஒட்டணும்."

"சாமான்?" என்று மாமனார் கேட்டார்.

"இப்ப ஒண்ணும் எடுக்க முடியாது பெரியவரே. மறுபடி வந்து பார்ப்பாங்க."

பையிலிருந்து சிவப்புச் சுருளை எடுத்தாள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. மாமனார் தெருவிலேயே, ஓரக்கல்லில் தொப்பென்று உட்கார்ந்தார். எல்லாரும் ரொட்டிக்காரரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். அந்த மரியாதைதான் அவரை அதிகமாக அறுத்தது.

சொல்லிவிடலாம், ஒரு வார்த்தைதான். ஆனால் சொன்னால் கதை கந்தல். தெரு சிரிக்கும். அதைக்கூடத் தாங்கலாம். மாவைச் சுரண்டினால் அடியில் அந்த விரிசல் இருக்கும். அதற்கு என்ன நிறம் ஒட்டுவாளோ? சொல்லாவிட்டாலும் சிவப்பு, சொன்னாலும் சிவப்பு என்றால் மானத்தையாவது மிச்சம் பிடிக்கலாமே என்று மனம் பேரம் பேசியது. பொறியாளர் ஸ்டிக்கரின் பின்தாளை உரித்தாள். அந்தச் சர்ரென்ற சத்தம் கேட்டதும் அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மேடம், அது சுவர் இல்ல!"

"என்னங்க?"

"மாவு."

"என்ன மாவு?"

"ரொட்டி மாவு. நான்தான் வச்சேன். காலையில ஒரு விரிசல் விட்டிருந்துச்சு. நீங்க பார்த்தா சிவப்பு ஒட்டிடுவீங்களோன்னு பயந்துட்டேன். மாவை வச்சு அடைச்சு பெயிண்ட் அடிச்சேன். ஈஸ்ட் போட்ட மாவு மேடம். அது... ஏறிடுச்சு."

பொறியாளர் அவரையே பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். பிறகு ஒரு தரம் காற்றை மோந்து பார்த்தாள். தெருவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், கரை உடைந்தது. தையல்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணே, எங்க வீட்டுலயும் ஒரு விரிசல் இருக்கு. பன் வைக்கலாமா, பிரெட் வைக்கலாமா?"

"கிண்டல் அப்புறம் பண்ணுங்க" என்றாள் பொறியாளர். அவளுக்கும் உதடு துடித்தது, அடக்கிக்கொண்டாள். வாசலோரம் சாத்தியிருந்த, அடுப்புக்குள் ரொட்டி தள்ளுகிற நீளமான துடுப்பைக் கேட்டு வாங்கி, வாசலில் நின்றபடியே புடைப்பை ஒரு குத்து குத்தினாள். பெயிண்ட் தோல் கிழிந்தது. உள்ளேயிருந்து சாம்பல் வெள்ளையாக, துளை துளையாக ஒரு பெரிய துண்டு மெத்தென்று தரையில் விழுந்தது. புளித்த வாசனை வாசல் வரை வந்தது. அதற்குப் பிறகுதான் அவள் உள்ளே காலெடுத்து வைத்தாள்.

ரொட்டிக்காரரும் பின்னால் போனார். மிச்சம் ஒட்டியிருந்ததையெல்லாம் அவள் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினாள். விரிசல் மறுபடி தெரிந்தது. அவர் கண்ணுக்குக் காலையில் இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது. அவள் டார்ச்சை வைத்து மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தாள். தூணைத் தட்டிப் பார்த்தாள். ஸ்டூல் மேல் ஏறி உத்தரத்தைத் தொட்டுப் பார்த்தாள். மாடிக்குப் போய் அதே சுவரை அங்கே பார்த்தாள். பின்பக்கம் போய்ப் புகைக்கூண்டையும் அண்ணாந்து பார்த்தாள். ரொட்டிக்காரர் அவள் பின்னாலேயே அலைந்தார். கேட்கத் தைரியம் இல்லாமல் ஏப்ரனைக் கசக்கிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் அவள் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துப் பையில் போட்டாள்.

"ஐயா, இந்த விரிசல் எங்க ஓடுது பாருங்க. தூண் கான்கிரீட். சுவர் செங்கல். ரெண்டும் ஆடும்போது ஒரே மாதிரி ஆடாது. அதனால சேர்ற இடத்துல மேல்பூச்சு மட்டும் பிளந்திருக்கு. தூண்ல ஒரு கீறல்கூட இல்ல. செங்கல்லயும் இல்ல. இந்தத் தெருவுல பாதி வீட்டுல இதே கோடு இருக்கு."

"அப்படின்னா?"

"அப்படின்னா உங்க வீடு நல்லா இருக்கு. நீங்க கையை வைக்காம விட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல பச்சை ஒட்டிட்டுப் போயிருப்பேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நல்ல வீட்டுக்குச் சிவப்பு ஒட்ட வச்சிருப்பீங்க."

அவர் மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்து, ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு, ஏங்கி ஏங்கி அழுதார். போன உயிர் திரும்பி வந்ததில் வந்த அழுகை அது. வாசலில் பச்சை ஸ்டிக்கரை ஒட்டினபோது தெரு கை தட்டியது. மாமனார் ஸ்டிக்கரைக் கையால் நீவி, மூலைகளை அழுத்தி விட்டார்.

மனைவி மட்டும் கை தட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. ஆட்கள் கலைந்த பிறகு உள்ளே வந்தாள். விழுந்து கிடந்த மாவுத் துண்டைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள்.

"கேளு."

"அந்த மாவு ஏறாம இருந்திருந்தா சொல்லியிருப்பீங்களா?"

அவர் ஏப்ரன் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"காலையில விரிசலைப் பார்த்தப்போ அது தூண்ல இருக்கா, பூச்சுல இருக்கான்னு உங்களுக்குத் தெரியாது. சுவர் நிக்குமா விழுமான்னு தெரியாது. அதை மூடி, பெயிண்ட் அடிச்சு, 'வாங்க, ஒண்ணும் ஆகல'ன்னு எங்களைக் கூப்பிட்டீங்க. அந்தச் சுவருக்கு மேலதான் அப்பா கட்டில் கிடக்கு. அதுக்குப் பக்கத்துலதான் நான் படுக்கிறேன்."

"கடை போயிடுமேன்னு..."

"தெரியும். கடை போயிடும்னு எனக்கும்தான் பயம். எங்கிட்ட சொல்லியிருந்தா ரெண்டு பேருமா பயந்திருப்போம்."

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவர் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அவள் மாடியேறிப் போய்விட்டாள். ரொட்டிக்காரர் அசடு வழியக்கூட முடியாமல் நின்றார். அன்றைக்கு முழுக்க அவர் கடையையும் அடுப்பையும் சகலையையும் நினைத்திருந்தார். மேலே படுப்பவர்களை நினைக்கவே இல்லை. அது உண்மை. அந்த உண்மை அவருக்குப் பிடிக்கவில்லை.

பொழுது சாய்ந்தது. மற்ற கடைகள் எல்லாம் பூட்டிக்கிடந்ததால் தெரு பசியோடு இருந்தது. தொட்டியில் மிச்சமிருந்த மாவு கொஞ்சம் புளித்துத்தான் போயிருந்தது. சும்மா கிடப்பதற்கு அதைச் சுட்டால் நாலு பேராவது சாப்பிடுவார்கள் என்று அவர் விறகைப் போட்டு மூட்டினார். தட்டுத் தட்டாக உள்ளே தள்ளினார். வாசலில் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். ரொட்டி சிவக்கிற நேரத்தில், முதலில் ஜாடிகள் கிணுகிணுத்தன. அப்புறம் தரை ஒரு பக்கமாக நழுவியது.

பின்னதிர்வு. வாசலில் நின்றவர்கள் ரோட்டின் நடுவுக்கு ஓடினார்கள். ரொட்டிக்காரர் கையில் துடுப்போடு அடுப்பு வாயில் நின்றிருந்தார். ரொட்டி எடுக்கிற பதம். எந்த ஆட்டத்திலும் அவர் முதலில் தட்டுகளை வெளியே இழுத்துவிட்டுத்தான் ஓடுவார், அதற்காக மனைவியிடம் வாங்காத திட்டு இல்லை. இன்று துடுப்பை அப்படியே போட்டுவிட்டு மாடிப்படிக்குத் தாவினார். பாதிப் படியில் அவர்கள் எதிரே வந்தார்கள். அவள் அப்பாவின் ஒரு கையைப் பிடித்திருந்தாள், இவர் மறு கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு புள்ளி மூணு" என்றார் மாமனார், இறங்கிக்கொண்டே.

"மாமா, பார்த்துக் கால வைங்க."

ஆட்டம் நின்றது. கடைசிப் படிக்குப் பக்கத்தில், சுவரும் கூரையும் சேரும் மூலையில், முடி மாதிரி மெல்லிய ஒரு கோடு புதிதாக விழுந்திருந்தது. அரை இருட்டில் அது வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது. அவள் அதைத் தாண்டிப் போய்விட்டாள். அவர் நின்றார்.

"இங்க வா" என்றார். "இது இப்ப விழுந்தது. பாரு."

அவள் திரும்பி வந்து பார்த்தாள். கோட்டைப் பார்த்ததைவிட அவரை அதிக நேரம் பார்த்தாள்.

"பூச்சா, தூணா?"

"எனக்குத் தெரியாது. அந்தப் பொண்ணு இன்னும் தெருக்கோடியிலதான் இருப்பா. கூப்பிட்டுக் காட்டலாம். அதுவரைக்கும் யாரும் உள்ள இருக்க வேணாம்."

மூவரும் ரோட்டுக்கு வந்தார்கள். பொறியாளரைக் கூப்பிடத் தையல்காரர் ஓடினார். கடல் பக்கம் எல்லாரும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்கள், தண்ணீர் இருந்த இடத்தில்தான் இருந்தது. சைரன் அடிக்கவில்லை. அங்கங்கே மூச்சு விடுகிற சத்தமும் பேச்சும் கேட்டன. கொஞ்ச நேரத்தில் கடைக்குள்ளிருந்து புகை வாசனை வந்தது.

"என்னங்க" என்றாள் மனைவி. "உள்ள ரொட்டி கருகுது."

"கருகட்டும்" என்றார் ரொட்டிக்காரர்.

அன்றைக்கு முழுக்கச் சிரிக்காதவள் அப்போதுதான் சிரித்தாள்.